இரண்டு பரீட்சைகள், ஒரு கேள்வி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் வைத்தியர்களாகப் பணிபுரியும் பழைய மாணவிகளின் சார்பில் பேச எங்களுக்கு இடம் தந்த சங்கத்துக்கு நன்றி. எங்களில் சிலர் இலங்கையில் எம்.பி.பி.எஸ். முடித்துப் போனவர்கள். சிலர் அங்கேயே டீ.ஓ. என்னும் ஒஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். பழைய மாணவிகளின் பிள்ளைகள் அந்த மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கியபின், எங்களுக்கு ஒரே விதமான தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. "டீ.ஓ. எண்டால் எலும்பு வைத்தியமோ? பிள்ளை பிறகு இருதய நிபுணராக வரலாமோ?"

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இலங்கையில் எம்.டீ. என்றால் நிபுணராவதற்கான பட்டமேற்படிப்பு. இங்கிலாந்தில் ஒஸ்டியோபத் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். அமெரிக்காவில் எம்.டீ., டீ.ஓ. இரண்டுமே முதல் மருத்துவப் பட்டங்கள். அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற வைத்தியர் 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் நகரில் முதலாவது ஒஸ்டியோபதிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று டீ.ஓ. வைத்தியர்கள் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், சத்திரசிகிச்சை செய்யலாம்.

சிக்கல் பரீட்சையில்தான். எம்.டீ. மாணவர்கள் யூ.எஸ்.எம்.எல்.ஈ. என்ற பரீட்சையின் மூன்று படிகளை எழுதுகிறார்கள். டீ.ஓ. மாணவர்களுக்குக் கொம்லெக்ஸ் என்ற தனிப் பரீட்சை, அதிலும் மூன்று கட்டங்கள். முதல் இரண்டும் சித்தியடையாமல் பட்டம் இல்லை. மூன்றாவதைப் பயிற்சிக் காலத்தில் எழுதுவார்கள். தொழில் அனுமதிக்குக் கொம்லெக்ஸ் போதும். ஆனாலும் பல பிள்ளைகள் யூ.எஸ்.எம்.எல்.ஈ.யையும் மேலதிகமாக எழுதுகிறார்கள்.

ஏன்? முன்பு டீ.ஓ. பட்டதாரிகளுக்கெனத் தனிப் பயிற்சி இடங்கள் இருந்தன. 2015 முதல் 2020 வரையான காலத்தில் அவை ஒரே அங்கீகார முறைக்குள் கொண்டுவரப்பட்டன. இப்போது எல்லோரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். வாசலில் இருக்கும் பணிப்பாளர்களில் பலருக்குப் பழக்கமானது யூ.எஸ்.எம்.எல்.ஈ. புள்ளிதான். கொம்லெக்ஸின் அளவுகோல் வேறு. அதன் இரண்டாம் கட்டத்தில் சித்திப் புள்ளியே 400. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் தடுமாறுவார். 2022இல் இரு பரீட்சைகளின் முதற் கட்டங்களும் சித்தி, சித்தியின்மை என்று மட்டும் அறிவிக்கப்படத் தொடங்கின. அதனால் இரண்டாம் கட்டப் புள்ளியின் கனம் கூடியிருக்கிறது.

அப்படியானால் எதை எழுதுவது? பிள்ளை எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்பதைப் பொறுத்தது பதில்.

அவள் இன்னும் மாணவியாக இருந்து, இருதயம், குடல், புற்றுநோய் போன்ற துறைகளில் பெலோஷிப் செய்ய விரும்பினால், முதலில் நல்ல பல்கலைக்கழக வைத்தியசாலை ஒன்றில் பொது மருத்துவப் பயிற்சி பெற வேண்டும். அங்கே யூ.எஸ்.எம்.எல்.ஈ.யின் இரண்டாம் படி உதவக்கூடும். பாடப்பரப்பு பெரும்பாலும் ஒன்றே என்பதால் கொம்லெக்ஸுக்குப் படிக்கும்போதே அதையும் எழுதுவது நல்லது. ஆனால் மாதிரிப் பரீட்சைகளில் தடுமாறினால் எழுத வேண்டாம். சித்தியடையாத முயற்சி பெறுபேற்றுப் பத்திரத்தில் நிற்கும். சித்தியடைந்தபின் புள்ளியைக் கூட்ட மறுபடி எழுதவும் முடியாது. குடும்ப வைத்தியராக விரும்பும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கொம்லெக்ஸே போதும்.

ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவரின் கணக்கு வேறு. பொது மருத்துவப் பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் இருந்த ஒரு தங்கச்சி எங்களிடம் கேட்டார்: "அக்கா, நான் கொம்லெக்ஸ் மட்டும்தான் எழுதினனான். கார்டியோலஜி கதவு பூட்டுப்பட்டுப் போச்சோ?" முதற் படியிலிருந்து தொடங்கி எழுதட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றோம். முதல் இரண்டு படிகளில் சித்தியடையாமல் மூன்றாம் படிக்கு அமர முடியாது. முதற் படி இப்போது வெறும் சித்திதான், புள்ளி இல்லை. கொம்லெக்ஸ் மூலம் தொழில் அனுமதி பெற்றவருக்கு யூ.எஸ்.எம்.எல்.ஈ. எழுத இடம் கிடைக்காமலும் போகலாம். மூன்று வருடப் பயிற்சியின் கடைசி வருடம் தொடங்கும் ஜூலையிலேயே விண்ணப்பம் போக வேண்டும். கையில் இருக்கும் மாதங்களை உயிரிரசாயனத்தை மீண்டும் பாடமாக்கச் செலவிடுவதா, ஓர் ஆய்வை முடித்து, கூட நின்று வேலை செய்த இருதய நிபுணரிடம் நல்ல சிபாரிசுக் கடிதம் பெறச் செலவிடுவதா? அவர் இரண்டாவதைச் செய்தார். யூ.எஸ்.எம்.எல்.ஈ. கேட்கும் இடங்களை விட்டு மற்றவற்றுக்கு விண்ணப்பித்தார். இன்று இருதயப் பிரிவில் பயிற்சி பெறுகிறார்.

பாரபட்சம் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. டீ.ஓ. என்பதற்காகவே எங்களில் ஒருவரின் விண்ணப்பம் ஓரிடத்தில் திறக்கப்படாமல் போனது. அதனால்தான் எந்த இடம் எதைக் கேட்கிறது என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள் என்கிறோம்.

எங்களைக் கூடுதலாக வருத்துவது வேறொன்று. சில வீடுகளில் பிள்ளை டீ.ஓ. படிப்பதை உறவினருக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள். "அந்தப் பரீட்சையையும் எழுதினால்தான் முழு டொக்டர்" என்று பிள்ளையை நெருக்குகிறார்கள். 1962இல் கலிபோர்னியாவில் டீ.ஓ. வைத்தியர்கள் 65 டொலர் கட்டி எம்.டீ. பட்டம் பெற வழி செய்யப்பட்டது. ஏறக்குறைய 2,000 பேர் மாறினார்கள். மறுநாள் அவர்கள் பார்த்தது அதே நோயாளிகளைத்தான், அதே அறிவோடுதான். வெட்கத்துக்காக ஒரு பரீட்சை எழுத வேண்டாம். போக வேண்டிய இடம் கேட்டால் எழுதட்டும்.

தாய்மாரே, "எது பெரிய பரீட்சை?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். "நீ எங்கே போகப்போகிறாய், அதற்கு எது தேவை?" என்று கேளுங்கள். அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள்.

விண்ணப்பங்களை வாசித்துத் திருத்தவும் நேர்முகத்துக்குப் பழக்கிவிடவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். சங்கச் செயலாளரிடம் எங்கள் பெயர்களைக் கொடுத்திருக்கிறோம். எந்த ஊரில் இருந்தாலும், எந்தப் பட்டம் படித்தாலும், எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் தயங்காமல் அழைக்கலாம்.