இப்போது என்ன படிக்கிறீர்கள்?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

‘ஒரு வீட்டின் வாசிப்பு’ என்னும் பொருள் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று நம் செயலாளர் பணித்தார். நாங்கள் புலவர்கள் அல்லர். அலுவலகத்திற்கும் அடுப்பங்கரைக்கும் இடையே எஞ்சும் நேரத்தில் தமிழ் நூல்களைப் படித்து மகிழும் கணவனும் மனைவியுமே ஆவோம். ஆகவே எங்கள் வீட்டில் நிகழ்வதை உள்ளவாறே சொல்ல முடியுமேயன்றி, ஆராய்ச்சியுரை நிகழ்த்த இயலாது. அருள்கூர்ந்து பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

இந்த டெல்லி நகரில் நம்மவர் இருவர் எதிர்ப்பட்டால் என்ன பேசிக்கொள்கிறோம்? காலையில் தண்ணீர் வந்ததா, ஊருக்குப் பயணச்சீட்டுக் கிடைத்ததா, பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று கேட்கிறோம். எல்லாம் வேண்டிய கேள்விகளே. ஆனால் ‘இப்போது என்ன படிக்கிறீர்கள்?’ என்று கேட்பவர் நம்முள் அரியர். அதனால் என்ன குறைந்துபோயிற்று என்று சிலர் எண்ணலாம். இக்கேள்வி எத்துணை ஆற்றல் உடையது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாணவர் அல்லரோ? தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் பிற பிரபந்தங்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று மேலும் வினவினார். சீவக சிந்தாமணியின் பெயர் அங்கே எழுந்தது. அந்தக் கேள்வி ஐயரை உறங்கவிடவில்லை. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் தொடர்ந்தன. ஒருவர் ஒருவரைப் பார்த்து ‘என்ன படித்தீர்கள்?’ என்று கேட்டதன் பயன் இது. நாம் கேட்டால் இத்துணைப் பெரிய பயன் விளையாமற் போகலாம். ஒரு பயனும் விளையாது என்று யார் சொல்ல முடியும்?

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். இப்போது மூன்று நூல்கள் அங்கே நடமாடுகின்றன. முதலாவது, ஐயர் அவர்களின் ‘என் சரித்திரம்’. அது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. இரண்டாவது, கல்கியின் ‘அலை ஓசை’. அதன் கதை நம் டெல்லிக்கும் வருகிறது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின் துயரமும் அதில் பதிந்திருக்கிறது. மூன்றாவது, ஆதவனின் ‘காகித மலர்கள்’. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து டெல்லியில் வாழ்ந்த எழுத்தாளர் அவர். நாம் நாள்தோறும் காணும் நகரத்தைத் தமிழில் படிக்கும்போது, வாடகை வீடாக இருந்த இந்நகரம் சற்றே சொந்த வீடு போலத் தோன்றுகிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நேரம் எங்கும் மொத்தமாகக் கிடைப்பதில்லை, சில்லறையாகவே கிடைக்கிறது. மெட்ரோ ரயிலில் போக அரை மணி, வர அரை மணி. குக்கர் மூன்று முறை கூவுவதற்குள் இரண்டு பக்கம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் மொட்டை மாடி வெயிலும் வேர்க்கடலையும் புத்தகமும் கூடிவிட்டால், அரசர்க்கும் அத்தகைய இன்பம் வாய்த்திராது!

இவ்வாறு படித்து மகிழ்ந்து வந்த எங்களுக்குச் சென்ற ஆண்டு ஒரு நாள் பெருத்த நாணம் உண்டாயிற்று. அதைச் சொல்லவே இங்கே நிற்கிறோம்.

எங்கள் வீட்டுப் பெரியவர் 1964-ஆம் ஆண்டில் மத்திய அரசுப் பணி ஏற்று டெல்லிக்கு வந்தவர். அவருடைய இரும்புப் பெட்டியில் வந்ததுதான் எங்களிடமுள்ள ‘என் சரித்திரம்’. படித்து நிறுத்தும் இடத்தில் பென்சிலால் தேதியிட்டு, அன்றைய செய்தி ஒன்றையும் ஓரத்தில் குறித்து வைப்பது அவர் வழக்கம். பேத்திக்கு ஐந்து வயது நிரம்பும்வரை மாலைதோறும் அவளை மடியில் இருத்திக் கதை படித்துக் காட்டினார். பிறகு அவர் மறைந்தார். அவர் விட்ட பணியை நாங்கள் தொடரவில்லை. தமிழ்தான் பேசுகிறாளே, அது போதும் என்று இருந்துவிட்டோம்.

பன்னிரண்டு வயதில் அவள் ஒரு நாள் அந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் சட்டென நின்றாள். ஓரத்தில் இருந்த தேதி அவள் பிறந்த தேதி! எண்கள் அவளுக்குத் தெரிந்தவை. அவற்றின் கீழே இருந்த இரண்டு வரிகள் தெரியாதவை. தன் பாட்டனார் தன்னைப் பற்றி எழுதியதைப் படிக்க முடியாமல், “தாத்தா என்ன எழுதியிருக்கிறார்?” என்று எங்களை நோக்கினாள். படித்துச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் கையால் அவ்வரிகளை மூடிக்கொண்டு, “வேண்டாம், நானே படிக்கிறேன், எனக்குக் கற்றுக் கொடுங்கள்” என்றாள்.

அன்பர்களே, அன்றிரவு நாங்கள் எண்ணிப் பார்த்தோம். தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்குத் தெருவே பள்ளிக்கூடம். பேருந்தின் பெயர்ப்பலகை, கடையின் விளம்பரம், சுவரொட்டி, மளிகைப் பொட்டலம் ஆகிய யாவும் கேளாமலே எழுத்தறிவிக்கின்றன. இங்கே வாசற்படியைத் தாண்டினால் தமிழ் எழுத்தைக் காண்பது அரிது. பேச்சுத் தமிழைத் தாய் தந்துவிடுகிறாள். எழுத்துத் தமிழைத் தர இங்கே தெரு இல்லை. தெரு செய்ய வேண்டியதை வீடுதான் செய்ய வேண்டும். அதை நாங்கள் செய்யத் தவறினோம்.

மறுநாள் தொடங்கினோம். 247 எழுத்து என்றதும் அவள் மலைத்தாள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 வடிவங்களும் உயிர்மெய்க் குறிகள் சிலவும் தெரிந்தால் போதும் என்று தெளிவித்தோம். உகர ஊகார வரிசைகளில் தடுமாறினாள். இந்தியில் நான்கு எழுத்தாக நிற்கும் ஒலிகளுக்குத் தமிழில் ஒரே ககரம் எப்படிப் போதும் என்று வாதாடினாள். இரவு உணவுக்குப்பின் அரை மணி நேரம், கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்கப் படித்தோம். சில நாட்கள் தவறியதும் உண்டு; தேர்வுக் காலத்தில் நின்றதும் உண்டு.

எட்டுத் திங்கள் கழித்து அந்தப் பக்கத்தைத் தானே எடுத்து வந்தாள். விரல் வைத்துப் படித்தாள்: “பேத்தி பிறந்தாள். நாளை முதல் இவளுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும்.” ‘நாளை’ என்ற சொல்லில் மட்டும் சற்று நின்றாள். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு வழங்கிய வடிவத்தில், யானைத் துதிக்கை போன்ற கொம்பிட்டு அவர் ‘ளை’ எழுதியிருந்தார். அதைச் சொல்லிக் கொடுத்தோம். மீண்டும் முதலிலிருந்து படித்தாள். பிறகு நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

இனி, படிக்கவிருக்கும் நூல்களைப் பற்றி ஒரு சொல். சனவரித் திங்களில் சென்னையில் நடைபெறும் புத்தகக் காட்சி 1977 முதல் நிகழ்ந்து வருவது. பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்களிடம் எங்கள் பட்டியலைக் கொடுத்தனுப்பப் போகிறோம். 2021-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’, 2023-இல் பெற்ற தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’, 2024-இல் பெற்ற ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ ஆகிய மூன்றும் அதில் உள்ளன. நான்காவது இடத்தை மகளுக்கென விட்டிருக்கிறோம். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஊரிலிருந்து வரும் பெட்டிகளில் வடகத்துக்கும் அப்பளத்துக்கும் இடையே ஒரு நூலுக்கு இடம் இருக்குமானால், அது நம் எல்லோர் வீட்டிலும் நடமாடலாம்.

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் நூலகத்து மேசைமேல் ஒரு குறிப்பேடு வைப்போம். வீட்டுக்கு ஒருவர், தாம் இப்போது படிக்கும் நூலின் பெயரை அதில் எழுதட்டும். முடித்தவர் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். எழுத்தறியாத குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் வந்து படித்துக் காட்டுகிறோம். பிற்பாடு அவர்களே படிப்பார்கள்.

நம் அலமாரிகளில் நூல்கள் உள்ளன. அவற்றின் ஓரங்களில் நம் பெரியோர்கள் எழுதிய வரிகளும் உள்ளன. படிப்பதற்குப் பிள்ளைகள் வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் நின்று, எங்களைப் போன்ற முதியோரை அல்ல, உங்கள் குழந்தைகளைக் கேட்கப் போகிறோம்: இப்போது என்ன படிக்கிறீர்கள்?

விடையோடு வாருங்கள்.