கைக்குத் தெரியாத புற்று

என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயார் மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போகவே இல்லை. “போனா மார அறுத்து எடுத்துடுவாங்க, டீச்சர்” என்றார். அந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பால்மரம் சீவுகிறவர்களுக்குத் தெரியும், பட்டைக்குள் நுண்ணிய குழாய்களில்தான் பால் இருக்கிறது. பெண்ணின் மார்பிலும் பால்குழாய்கள் உண்டு. சிலருக்குப் புற்றணுக்கள் அக்குழாய்க்குள்ளேயே தோன்றி, சுவரைத் தாண்டாமல் நிற்கும். பெரும்பாலும் கைக்குக் கட்டி அகப்படாது, வலியும் இராது. எக்ஸ்ரேயில்தான் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் தெரியும்.

முன்பெல்லாம் இதற்கும் மார்பு முழுவதையும் எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1985இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 818 பெண்கள். எல்லாருக்கும் நோயுள்ள பகுதி மட்டும் அகற்றப்பட்டது. பாதிப் பேருக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். 12 ஆண்டுகளில், கதிர்வீச்சு பெறாதவர்களில் 100க்கு ஏறக்குறைய 32 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 16 பேருக்கு. ஆனால் இரு பிரிவிலும் 100க்கு 85 பேருக்கு மேல் உயிரோடிருந்தார்கள். மார்பு முழுவதையும் எடுக்காமலே!

2024இல் இன்னொரு அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. ஆபத்துக் குறைந்த வகை நோய்க்குக் கத்தி வைக்காமல் கண்காணித்ததில், 2 ஆண்டுகளில் 100க்கு சுமார் 4 பேருக்கே புற்று சுவரைத் தாண்டியது; அறுவைப் பிரிவில் சுமார் 6. இரண்டே ஆண்டுக் கணக்குத்தான் இது. அவர்களும் சும்மா வீட்டில் இருக்கவில்லை, தவறாமல் சோதனைக்குப் போனவர்கள்.

அந்தத் தாயார் பிறகு போய்வந்தார். மார்பைத் தட்டில் வைத்துச் சற்று அழுத்தினார்களாம். சில விநாடி வலித்ததாம். மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டார்.