சித்திரம் வரைந்து சீவிக்கலாமா?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "நீ படம் கீறித்தானே சீவிக்கிறாய், அதைப்பற்றியே பேசு" என்றார். எங்கள் காலத்தில் கணக்கு வராத பிள்ளைகள்தான் சித்திரப் பாடம் எடுப்பார்கள் என்று கேலி செய்வார்கள். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் கணக்குத்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படம் வரைகிறேன். அந்தப் படத்தை வாழ்த்து அட்டையிலோ, தேயிலை டின்னிலோ, நாட்காட்டியிலோ, துணிப்பையிலோ அச்சிடுவதற்கு நிறுவனங்களுக்கு அனுமதி கொடுக்கிறேன். அதற்கு ஒரு தொகை வாங்குகிறேன். அனுமதிக் காலம் முடிந்தால் உரிமை என்னிடம் திரும்பிவிடும். வீட்டை விற்காமல் வாடகைக்குக் கொடுப்பது மாதிரி. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாத காலத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

நான் பசறை வீதியில் உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயன் காம்பராவில் புகைபிடித்த சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். பதுளைக் கடையில் கொடுத்தது, சிவகாசியில் அச்சானது. வருடம் முடிந்தாலும் அம்மா அதைக் கழற்ற மாட்டார். தேதித் தாளைக் கிழித்துவிட்டு முருகன் படத்தை மட்டும் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வரையப் பழகினேன். பிறகு இந்தப் பாடசாலையில் எங்கள் சித்திர ஆசிரியை, "சாமியைக் கீறினது போதும், உன் அம்மாவைக் கீறு" என்றார். அம்மா கூடையைத் தலையில் மாட்டி, படங்கு கட்டி, நமுனுகுல மலையைப் பின்னால் வைத்து நிற்பதை வரைந்தேன்.

படிப்பு முடிந்த சில வருடங்களில் ஒரு நிறுவனம் அந்தப் படத்தைக் கேட்டது. பதினையாயிரம் ரூபா தந்தார்கள். ஆங்கிலத்தில் நான்கு பக்கத் தாள் ஒன்றில் கையொப்பம் வாங்கினார்கள். நான் வாசிக்கவில்லை. வாசித்தாலும் அன்று விளங்கியிராது. மூன்று வருடங்களுக்குப் பின் கொழும்பில் ஒரு கடையில் அந்தப் படத்தைத் தேயிலை டின்னில் கண்டேன். தட்டிலும், துவாயிலும், மேசை விரிப்பிலும் கண்டேன். ஒரு டின்னைக் காசு கொடுத்து வாங்கி வந்து அம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாந்தான். இதுல ஒனக்குப் பேரு விழுகுதா?" என்று கேட்டார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்கும். நாள் வேலைக்குக் கணக்குப் போடுவதைத்தான் நாங்கள் பேர் என்போம். முழுப் பேர், அரைப் பேர். அம்மா கேட்டது கூலியை. டின்னில் கூலியும் இல்லை, என் பெயரும் இல்லை. சட்டம் படித்த வகுப்புத் தோழி ஒருத்தி அந்தத் தாளை வாசித்துக் காட்டினாள். எல்லா உரிமையும், எல்லாப் பொருளிலும், எல்லா நாட்டிலும், என்றென்றைக்கும் என்று இருந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் விற்றிருந்தேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. எங்கள் சுவர்க் காலண்டர்களின் மூதாதை என்று சொல்லத்தக்கவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். நாடகக் கம்பனிக்குத் திரைச்சீலை தீட்டியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. அந்தக் காலண்டர் தொழிலில் ஓவியருக்குப் பொதுவாகக் கிடைத்தது ஒரே தடவைக் கூலிதான். அவருக்கும் முந்திய ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். கடன் மிகுந்து, சில வருடங்களில் அது ஜெர்மன் தொழில்நுட்பர் பிரிட்ஸ் ஷ்லைஷருக்குக் கைமாறியது. ஓவியரின் பெயரைத் தாங்கிய அச்சகம் பல தசாப்தங்கள் ஓடியது, ஆனால் இலாபம் அவருக்கல்ல. உங்கள் தொலைபேசியில் சிரிக்கும் அந்த மஞ்சள் வட்ட முகத்தின் முன்னோடியை 1963இல் அமெரிக்காவில் ஹார்வி போல் என்பவர் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக வரைந்தார். அவருக்குக் கிடைத்தது 45 டொலர்.

மாறான உதாரணம் ஒன்று நம் சமையலறையிலேயே இருக்கிறது. சிலோன் தேயிலைப் பெட்டியில் வாளேந்திய சிங்கம் இருக்கும். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. நூறு வீதம் இலங்கைத் தேயிலையாகவும், இலங்கையிலேயே பொதி செய்ததாகவும், சபையின் தரத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தால்தான் அனுமதி பெற்று அச்சிடலாம். எந்தப் பெரிய கம்பனியும் அதைச் சும்மா எடுத்துப் போடுவதில்லை. அது வர்த்தகச் சின்னம், நம் படத்துக்கு இருப்பது பதிப்புரிமை. சட்டப் பிரிவு வேறு. ஆனால் வழி ஒன்றுதான்: சொந்தக்காரர் சொந்தக்காரராகவே இருப்பார், மற்றவர் நிபந்தனையோடு பாவிப்பார். ஒரே பெட்டியில் சிங்கத்துக்கு அந்த மரியாதை கிடைக்கிறது. அதே பெட்டியில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் படத்தை வரைந்தவருக்கும் அது கிடைக்கலாம், அவர் கேட்டால்.

சட்டம் நம் பக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. வரைந்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடங்களும் அது நிற்கும். பேர்ண் சமவாயத்தில் நம் நாடு 1959இலேயே சேர்ந்துவிட்டதால் மற்ற உறுப்பு நாடுகளிலும் பாதுகாப்பு உண்டு. உரிமையைக் கொடுப்பதானால் எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். எழுத்தில் சொல்லாத உரிமை கொடுபட்டதாகாது. ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் அந்த வேலைக்காக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பொருளாதார உரிமை முதலாளிக்குத்தான்.

சரி, உரிமையை வைத்துக்கொண்டால் சீவிக்கலாமா? இனிக் கணக்கு. ஓர் அட்டை கடையில் 200 ரூபா என்று வையுங்கள். கம்பனி கடைக்குக் கொடுக்கும் மொத்த விலை 100. றோயல்டி பெரும்பாலும் மொத்த விலையில்தான் கணக்கிடப்படும். ஐந்து வீதம் பேசினால் அட்டைக்கு 5 ரூபா. ஆயிரம் அட்டை விற்றால் 5,000. மாதம் 60,000 ரூபா வேண்டுமானால் மாதந்தோறும் 12,000 அட்டைகள் விற்க வேண்டும். பதுளை பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும், இன்று எத்தனை பேர் அட்டை வாங்குகிறார்கள் என்று.

முற்பணம் தருவார்கள். சந்தோஷமாக இருக்கும். அது பரிசு அல்ல, வரப்போகும் றோயல்டியின் முன்கூட்டிய பகுதி. 10,000 ரூபா முற்பணம் வாங்கினால் முதல் 2,000 அட்டைகளுக்கு வேறு காசு வராது. ஆனாலும் வாங்குங்கள். சில வேளை அதற்குப் பிறகு எதுவுமே வராது. தீபாவளிப் படத்தை மாசியில் கொடுத்தால், விற்பனை ஐப்பசியில், கணக்கு அடுத்த வருடம். இந்த இடைவெளியில் அரிசிக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

அடுத்தது களவு. எல்ல நகரில் ஒரு கடையில் ஒன்பது வளைவுப் பாலம் பதித்த கோப்பைகள் வரிசையாக இருந்தன. அதிலொன்று என் படம். பாலம் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் வரையலாம். ஆனால் அந்தக் கோடும் நிறமும் என்னுடையவை. கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, ஃபோன்ல வந்திச்சு" என்றான். அவனும் என்னைப் போல ஒரு சின்ன மனிதன். வழக்குக்குப் போனால் வருமானத்தைவிடச் செலவு கூட. மிச்சக் கோப்பைகளை விற்றுத் தீர்க்கச் சொல்லி, அடுத்த தொகுதிக்கு எழுதி வாங்கிக்கொண்டேன். இப்போது அவன் எனக்கு வருடாவருடம் சிறு தொகை தருகிறான். எல்லாரும் அப்படி இல்லை. அதனால் இணையத்தில் சிறிய அளவுப் படத்தையே போடுகிறேன். மூலப்படம், திகதி, முதல் கோட்டுச் சித்திரம் எல்லாவற்றையும் பாதுகாக்கிறேன்.

மூன்றாவது சங்கடத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். கம்பனிகள் கேட்பது சிரிக்கும் பெண்ணை. சிவப்புச் சேலை, வெள்ளைப் பல், வெயில். மழையில் பொலித்தீன் போர்த்திக்கொண்டு, காலில் அட்டைக் கடியோடு நிற்கும் என் அம்மாவை எந்த டின்னும் கேட்டதில்லை. சிரிக்கும் பெண்ணை நானும் வரைகிறேன், மறைக்கவில்லை. அந்தக் காசில் மழைப் படங்களையும் வரைகிறேன். அவற்றை யாருக்கும் அனுமதிக்குக் கொடுப்பதில்லை. ஒருநாள் கண்காட்சி வைப்பேன்.

ஆகவே கேள்விக்குப் பதில்: இதை மட்டும் நம்பிச் சீவிக்க என்னால் முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்பவர்களுக்கு வரைந்து கொடுக்கிறேன். நல்ல வருடத்தில் என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அனுமதியால் வருகிறது. அதற்கே ஏழு வருடங்கள் பிடித்தன. ஆனால் அந்த மூன்றிலொரு பங்கு, நான் காய்ச்சலில் படுத்தாலும் வருகிறது. பத்து வருடத்துக்கு முந்திய படத்துக்கும் வருகிறது. கைக்கு வந்த நாளே கரைந்துபோன அந்தப் பதினையாயிரத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

தங்கச்சிமாரே, தாள் வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். எந்தப் பொருளில்? எந்த நாட்டில்? எத்தனை காலம்? எனக்கு மட்டுமா, மற்றவருக்கும் கொடுக்கலாமா? என் பெயர் எங்கே வரும்? பதில் தாளில் இருக்க வேண்டும், வாயில் அல்ல. விளங்காத மொழியில் இருந்தால் கையொப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் மெதுவாக இருங்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். நூற்றாண்டு மலரின் அட்டையில் நம் மாணவி ஒருத்தி வரைந்த படம் வருகிறது. அதையே கோப்பையிலும் பையிலும் அச்சிட்டு, வெளிநாட்டுக் கிளைகள் மூலம் விற்றுக் கட்டட நிதிக்குச் சேர்க்கலாம் என்று குழுக் கூட்டத்தில் பேசினார்கள். நல்ல யோசனை. "பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓர் அக்கா, "அவளுக்குப் பெருமைதானே" என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் சொன்னார்கள்.

குழுவினர் கோபிக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சட்டத்தரணியான நம் பழைய மாணவி ஒருவர் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தந்தார். படம் பிள்ளையுடையது. மலரின் அட்டைக்கும், 500 கோப்பைகளுக்கும், 500 பைகளுக்கும், ஒரு வருடத்துக்கு மட்டும் சங்கத்துக்கு அனுமதி. ஒவ்வொன்றிலும் அவள் பெயர் இருக்கும். ஒரு சிறு தொகை அவள் பெயரில் வங்கியில் வைப்பிலிடப்படும். அவள் வயதில் சிறியவள் என்பதால் தாயாரும் கையெழுத்திட்டார். கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தார். கையெழுத்திட முன் முழுப் பக்கத்தையும் வாசித்தார். நாங்கள் காத்திருந்தோம்.

அக்காமாரே, உங்களிடம் நான் கேட்பது காசல்ல. சட்டம் படித்தவர்கள் வருடத்தில் ஒரு நாள் நம் பிள்ளைகளின் தாள்களை வாசித்துக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தேயிலை டின்னைக் கையில் எடுத்தால், படத்தின் கீழே யாருடைய பெயராவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கம்பனிக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள்.

என் அம்மா இன்று முன்வரிசையில் இருக்கிறார். போன மாதம் ஒரு புது நாட்காட்டியை அவரிடம் கொடுத்தேன். பின்பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் படத்தைப் பார்த்தார்.