ஆறாத புண்ணும் தோல் புற்றுநோயும்

தோல் புற்றுநோய் வெள்ளையர்க்கே வரும் நோய் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அதில் பாதி உண்மை உண்டு. நம் தோலின் கருமை, வெயிலின் தீங்கைப் பெருமளவு தடுக்கின்றது. ஆயினும் அக்கருமையால் தடுக்க இயலாத புற்று ஒன்று இருக்கின்றது. அது பழைய தீக்காய வடுவிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாத கால் புண்ணிலும் தோன்றுவது. 1828ஆம் ஆண்டில் வடுப்புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் பெயராலேயே இன்றும் அது வழங்குகின்றது.

உளி ஆழமாகப் பாய்ந்த ரப்பர் மரத்தில் புதுப்பட்டை சீராக வளராமல் முடிச்சு விழுவதை நீங்கள் அறிவீர்கள். தோலும் ஏறத்தாழ அவ்வாறே. புண் ஆறுவதும் மீண்டும் வெடிப்பதுமாக இருந்தால், அங்குள்ள உயிரணுக்கள் ஓயாது பெருக வேண்டியிருக்கின்றது. என்றேனும் ஒன்று கட்டுமீறிப் பெருகத் தொடங்கிவிடும். இதற்குப் பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். வடுக்களுள் மிகச் சிலவே இவ்வாறு மாறுகின்றன. வீண் அச்சம் வேண்டாம்.

பழகிய புண்ணில் மாறுதல் தோன்றினால்தான் விழிப்பு வேண்டும். ஓரம் தடித்துச் சுருளுதல், பூக்கோசுபோல் சதை வளர்தல், தொட்டால் இரத்தம் கசிதல், துர்நாற்றம், புதிய வலி ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போதும் சிலர் மஞ்சளையும் சுண்ணாம்பையும் மாற்றி மாற்றிப் பூசிக் காலம் கடத்துகின்றனர். மருத்துவர் மரத்துப்போக ஊசியிட்டு, புண்ணின் ஓரத்தில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பார். "கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்று அஞ்சி இதனை மறுப்பது பெருந்தவறு. இச்சோதனையால் நோய் பரவுவதில்லை.

நோய் உறுதியானால், சுற்றியுள்ள நல்ல தோலில் சிறிதளவு சேர்த்துப் புற்றை வெட்டி அகற்றுவர். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து அவ்விடத்தில் ஒட்டுவர். சிலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் தேவைப்படும். தொடக்கத்திலேயே வந்தவர்க்குப் பெரும்பாலும் கால் தப்பும். எலும்பை எட்டிய பின்போ, கவட்டையில் நெறி கட்டிய பின்போ வந்தால் காலையே இழக்க நேரலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு.

நீரிழிவு உள்ளோர் கால் புண்ணை ஒரு நாளும் அலட்சியம் செய்யலாகாது. மற்றவரும் ஒரு மாதத்தில் ஆறாத புண்ணை அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மூன்று மாதம் முறையாகக் கட்டியும் ஆறவில்லையெனில், துணுக்குச் சோதனை தேவையா என்று நீங்களே கேட்கலாம். அப்போது, அப்புண் எத்தனை ஆண்டுகளாக இருக்கின்றது, அங்கே முன்பு தீக்காயம் பட்டதா என்பதைக் கேட்காமலேயே சொல்லுங்கள்.