வெடித்த விண்மீனில் விளையும் தூசி

எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா, அலுமினா என்னும் இரு சேர்மங்களால் ஆனது. நிலக்கரியோடு கலந்திருந்த களிமண்ணிலிருந்து வந்த இவற்றின் சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் புவி தோன்றுவதற்கு முன்பே விண்மீன்களுக்குள் விளைந்தவை. அவை விண்வெளியில் முதன்முதலாகத் திண்மத் துகள்களாக உறைந்த விதத்தை விளக்குவதே விண்தூசி பற்றிய ஆய்வு.

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீனின் நடுவே திரளும் இரும்புக் கரு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் கணித்த எல்லையான ஏறத்தாழ 1.4 சூரிய நிறையை எட்டும்போது, தன் எடையைத் தாங்க இயலாமல் நொடிப்பொழுதில் உள்நோக்கிச் சரிகிறது. அதனால் வெளியடுக்குகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சிதறுகின்றன. இதுவே சூப்பர்நோவா எனப்படும் மீயொளிர் வெடிப்பு.

சிதறிய வாயு விரிய விரியக் குளிர்கிறது. வெப்பநிலை சில ஆயிரம் பாகைக்கு இறங்கியதும் அணுக்கள் இணைந்து கார்பன் மோனாக்சைடு, சிலிக்கன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. மேலும் குளிர்கையில் மூலக்கூறுகள் சிறு கொத்துகளாகத் திரண்டு, முதலில் அலுமினாவும் பின்னர் சிலிக்கேட்டும் துகள்களாக உறைகின்றன. கார்பன் மிகுந்த அடுக்குகளிலோ கரித்துகள்கள் தோன்றுகின்றன. வாயு மிகவும் ஐதாகிவிட்டால் அணுக்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிதாகிவிடும் என்பதால், குளிர்ச்சியும் அடர்த்தியும் ஒருங்கே அமையும் காலமே தூசியின் விளைச்சல் காலம்.

இதற்கு நேரடிச் சான்று தந்தது, ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் முகிலில் 1987 பிப்ரவரியில் தோன்றிய சூப்பர்நோவா 1987ஏ. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்திலிருந்து பார்த்தால் தென் அடிவானத்துக்கு மேல் சுமார் 8 பாகைக்கு மிகாமலே எழும் அப்பகுதியில், வெடித்து ஏறத்தாழ 500 நாட்கள் சென்றபின் கண்ணுறு ஒளி விரைந்து மங்க, வெப்பக் கதிர்களான அகச்சிவப்புக் கதிர்கள் மிகுந்தன. நம்மைவிட்டு விலகிச் செல்லும் பின்பக்க வாயுவின் ஒளியும் மறைக்கப்பட்டது. இடையே தூசி உண்டாகி ஒளியை உறிஞ்சியதே இதற்குக் காரணம். ஹெர்ஷல் விண்தொலைநோக்கியைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, அங்கே சூரிய நிறையில் ஏறத்தாழப் பாதியளவு குளிர்ந்த தூசி இருப்பதைக் காட்டியது.

இத்தகைய தூசி புவியிலேயே கைக்குக் கிட்டியிருக்கிறது. விண்கற்களுக்குள் சிக்கிய சில சிலிக்கன் கார்பைடு துகள்களில் கால்சியம்-44 அளவுக்கு மீறிக் காணப்படுகிறது; சூப்பர்நோவாவில் பிறந்து, சுமார் 60 ஆண்டுகளில் பாதியாகச் சிதையும் டைட்டானியம்-44 துகளுக்குள் அடைபட்ட பின்பே கால்சியமாக மாறியிருக்கிறது. ஆகவே அத்துகள் வெடிப்புக்குப் பின் மிகக் குறுகிய காலத்திலேயே உறைந்தது என்பதும், சூரியக் குடும்பம் இத்தகைய தூசியும் கலந்த முகிலிலிருந்தே திரண்டது என்பதும் ஐயமின்றி நிறுவப்படுகின்றன.