ஸ்கேன் நார்மல்... ஆனா தலை ஏன் இன்னும் சுத்துது?

இன்னைக்கு எபிசோட் தலையில அடிபட்டவங்களுக்கும், அவங்களைப் பார்த்துக்கறவங்களுக்கும்.

பைக்ல இருந்து விழுந்தோ, விளையாடும்போது மோதியோ தலை பலமா குலுங்கிடுச்சுன்னு வைங்க. இதைத்தான் கன்கஷன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியில சிடி ஸ்கேன் எடுத்தா ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, எல்லாம் நார்மல். ஆனா ரெண்டு மாசம் கழிச்சும் பின்மண்டையில கிளம்புற வலி கண்ணு வரைக்கும் வருது. யாராவது கூப்பிட்டுச் சட்டுனு திரும்பினா தரையே நகர்ற மாதிரி ஒரு கிறுகிறுப்பு.

என் ஃப்ளாட்மேட்டுக்கு இதேதான் நடந்தது. ஆபீஸ்ல, "ரிப்போர்ட் நார்மல்தானே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டாங்க. ஊர்ல இருந்து அவன் அம்மா, "அசையாம படுத்துக்கப்பா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. கடைசியில அவனே என்கிட்ட, "ஒருவேளை நான்தான் கற்பனை பண்ணிக்கறேனா?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இவ்வளவும் படிச்சேன்.

முதல் விஷயம். தலையைக் குலுக்குற அடி கழுத்தைச் சும்மா விடாது. நம்ம தலை கிட்டத்தட்ட நாலஞ்சு கிலோ. அது விசுக்குனு ஆடும்போது அதைத் தாங்குறது கழுத்துத் தசைகளும் சின்னச் சின்ன மூட்டுகளும்தான். சிடி ஸ்கேன் முக்கியமா தேடுறது ரத்தக்கசிவையும் முறிவையும். ஒரு தசை சரியா வேலை செய்யுதான்னு அதுல தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, டேஷ்போர்டு பச்சையா இருக்குங்கறதுக்காக ஆப் ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தமில்லை.

சரி, கழுத்துல பிரச்சினைன்னா தலை ஏன் வலிக்கணும்? கழுத்தோட மேல் மூணு நரம்புகளும், முகத்தோட உணர்ச்சியைக் கொண்டு போற ட்ரைஜெமினல் நரம்பும் உள்ளே ஒரே இடத்துல வந்து சேருது. அதனால சிக்னல் கழுத்துல இருந்து வந்தாலும், மூளை அதை நெத்தி வலியாவோ கண்ணுக்குப் பின்னால வலியாவோ எடுத்துக்கலாம்.

தலைசுற்றலுக்கு வேற காரணம். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு மூளைக்கு மூணு இடத்துல இருந்து தகவல் போகுது: கண், உள்காது, கழுத்து. கழுத்து மட்டும் தப்பாச் சொன்னா மூணும் ஒத்துப்போகாது. அந்தக் குழப்பம்தான் கிறுகிறுப்பு.

இதைச் சோதிக்க எளிமையான ஒரு டெஸ்ட் இருக்கு. தலையில ஒரு லேசர் லைட்டைக் கட்டி, 90 சென்டிமீட்டர் தள்ளி ஒரு வட்டத்தை வைப்பாங்க. கண்ணை மூடிட்டுத் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டு வரணும். என் நண்பன் கண்ணைத் திறந்தப்போ, சிவப்புப் புள்ளி நடுவுல இருந்து நாலு விரல் தள்ளி நின்னுச்சு. இந்த டெஸ்ட் மட்டுமே முடிவு கிடையாது. ஆனா, தான் கற்பனை பண்ணலைன்னு அவன் நம்பினது அன்னைக்குத்தான்.

சிகிச்சை இருக்கான்னா, இருக்கு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபிஸ்ட் கேத்ரின் ஷ்னைடர் குழு செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. விளையாட்டுல அடிபட்டு, தலைவலி, கழுத்துவலி, தலைசுற்றல் விடாம இருந்த 31 பேர். எல்லாருக்கும் ஓய்வு, உட்காரும் முறை பற்றிய அறிவுரை, கழுத்தசைவுப் பயிற்சி, அப்புறம் படிப்படியா உடற்பயிற்சி. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலா கழுத்துக்கும் உள்காதுச் சமநிலைக்கும் பிசியோதெரபி. 8 வாரத்துல அந்தக் குழுவின் 15 பேரில் 11 பேருக்கு 'திரும்ப விளையாடலாம்'னு டாக்டர் அனுமதி கிடைச்சது. இன்னொரு குழுவில் 14 பேரில் ஒருத்தருக்குத்தான். சின்ன ஆய்வுதான். ஆனாலும் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடின சர்வதேச கன்கஷன் மாநாட்டு நிபுணர்களும், பத்து நாளைத் தாண்டியும் இந்தத் தொல்லைகள் நீடிச்சா இப்படிப்பட்ட சிகிச்சையைப் பரிந்துரைக்கறாங்க.

பெரிய மெஷின் எதுவும் இல்லை. கையால மூட்டுகளை மெதுவா அசைச்சுவிடறது, 'ஆமா'ன்னு தலையாட்டுற மாதிரி சின்ன அசைவுல உள்தசைகளைப் பழக்கறது, ஒரு புள்ளியைப் பார்த்துக்கிட்டே தலையைத் திருப்பறது. அவ்வளவுதான். ஆனா தினமும் செய்யணும்.

மூணு எச்சரிக்கை. ஒண்ணு, தலைவலி கூடிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், எழுப்பினாலும் எழாத தூக்கம்... இதுல எது வந்தாலும் பிசியோ இல்லை, நேரா எமர்ஜென்சி. ரெண்டு, எல்லாத் தலைசுற்றலும் கழுத்தால வர்றது இல்லை. உள்காதுல இருக்கிற துகள்கள் இடம் மாறினாலும் சுத்தும், அதுக்குச் சிகிச்சையே வேற. மூணு, தயவுசெஞ்சு சலூன்ல கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்க விடாதீங்க. அந்த வேகத்துல மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதமே வரலாம்.

அப்போ ஓய்வு வேண்டாமா? வேணும். முதல் ஒண்ணு ரெண்டு நாள் வேலையையும் ஸ்கிரீனையும் குறைச்சுக்கோங்க. அதுக்கப்புறம் மெதுவா நடக்க ஆரம்பிக்கலாம். வாரக்கணக்குல இருட்டு ரூம்ல படுத்திருக்கச் சொல்ற காலம் போயிடுச்சு.

உங்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ யாராவது இப்படிச் சொன்னா, ரிப்போர்ட்டைக் காட்டி வாயை அடைக்காதீங்க. "கழுத்தை யாராவது பரிசோதிச்சாங்களா?"ன்னு டாக்டர்கிட்ட கேட்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம், பத்திரமா இருங்க!