தாதியின் விரலில் ஊசி குத்திவிட்டால்

மருத்துவமனையில் உங்களைக் கவனிக்கும் தாதியருக்கு நேரும் ஓர் ஆபத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

உங்களுக்குக் குத்திய ஊசி சில நேரம் தாதியின் விரலிலும் குத்திவிடும். நோயாளி திடீரென்று கையை இழுத்திருப்பார். அல்லது ஊசியை அதற்குரிய பெட்டியில் போடுவதற்குள் கை தவறியிருக்கும். கையுறையையும் ஊசி துளைத்துவிடும். அதன் வழியே ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்ஐவி கிருமிகள் தொற்றலாம். முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு. மற்ற இரண்டுக்கும் இல்லை.

எச்ஐவி உள்ளவருக்குக் குத்திய ஊசியால் அது தொற்றும் வாய்ப்பு 1,000இல் ஏறக்குறைய 3தான். ஆனால் வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாதிக்கு அது சின்ன எண்ணாகத் தெரியாது.

குத்திய இடத்தை அவர் உடனே சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவுவார், மேலாளரிடம் தெரிவிப்பார். பிறகு ஒருவர் உங்கள் கட்டிலருகே வந்து, உங்கள் ரத்தத்தைச் சோதிக்கச் சம்மதமா என்று கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளராக இந்தக் கேள்வியை நான் பலமுறை தமிழில் கேட்டிருக்கிறேன். "என்னைப் பார்த்தால் அப்படிப்பட்ட ஆளாகவா தெரிகிறது?" என்று ஒரு தாத்தா கோபித்துக்கொண்டார். தவறு என்னுடையது, அவசரத்தில் காரணத்தைச் சொல்லவில்லை. "யாருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் இதைத்தான் கேட்பார்கள், ஐயா. உங்கள்மேல் சந்தேகம் இல்லை" என்றேன். "இதை முதலிலேயே சொல்லக் கூடாதாம்மா?" என்று கையை நீட்டினார்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குமேல் தாமதிக்கக் கூடாது. அதை 28 நாள் சாப்பிட வேண்டும். குமட்டலும் அசதியும் வரலாம். உங்கள் ரத்தத்தில் கிருமி இல்லை என்று தெரிந்தால், பெரும்பாலும் தாதி அந்த மருந்தை நிறுத்திவிடலாம். உங்கள் சோதனை முடிவு மருத்துவ ரகசியமாகவே இருக்கும்.

ஊசிக்குப் பயமா? வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; கையை மட்டும் இழுக்காதீர்கள்.

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஊசியைச் சும்மா குப்பைப் பையில் போடாதீர்கள். வீட்டுக்கு வரும் தாதிக்கும், குப்பை அள்ளுபவருக்கும் அது குத்தும். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு வையுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் இறுக மூடி, டேப் ஒட்டுங்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது கேளுங்கள்.